பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

ஜெனீவாவில் பாதி வாக்கியங்கள்
சதுர அடைப்புக்குறிக்குள் உறங்குகின்றன.
எல்லோரும் ஒப்புக்கொள்ளாத சொற்களுக்கு
அதுதான் தொழுவம்.
'செய்யலாம்' என்பதற்கும்
'செய்ய வேண்டும்' என்பதற்கும் நடுவே
ஒன்பது நாளாக நடந்துகொண்டிருக்கிறேன்.
மலாவி என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால்
நான் ஒருத்திதான்.

எதிர் வரிசையில் பதினாலு பேர்.
காப்புரிமைக்கு இருவர், பதிப்புரிமைக்கு மூவர்,
காற்புள்ளிக்கென்றே ஒருவர் இருப்பார் போலும்.
ஏழாம் அறையில் விதைகளைப் பற்றிப் பேசிவிட்டு
ஐந்தாம் அறைக்கு ஓடி வருவதற்குள்
மூன்றாம் அறையில் மருந்துகளுக்கு
நான் மௌனமாய்ச் சம்மதித்திருப்பேன்.
வராதவளின் நாற்காலி தலையாட்டியதாக
எழுதிக்கொள்வார்கள்.

என் பையில் ஒரு புத்தகம்.
புத்தகம் என்று சொல்லக் கூடாது.
ஸோம்பா சந்தைக்கு எதிரே
லிம்பானி நியிரோங்கோவின் கடையில்
மின்சாரம் வரும்வரை காத்திருந்து
பக்கத்துக்குப் பத்து குவாச்சா கொடுத்து
எடுத்த நகல்.
அசலின் விலைக்கு
விடுதிக் கட்டணம் இரண்டு முறை கட்டலாம்.
அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தை
நான் திருடித்தான் படித்தேன்.
ஏன் திருடக் கூடாது என்று
முதல் அத்தியாயம் விளக்குகிறது,
மிக அழகாக.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
லிம்பானியின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது.
ரேகைகூடத் தெரியும்.
'வளரும் நாடுகளுக்கு விலக்கு உண்டு; ஆயினும்'
அதற்கு மேல் விரல்.
தேர்வில் அந்தக் கேள்வி வந்தது.
வகுப்பில் நாற்பத்தோரு பேரும்
அதே சொல்லில் நிறுத்தினோம்.

இன்று தேநீர் வரிசையில்
அதை எழுதியவர் எனக்கு முன்னால் நின்றார்.
பேராசிரியர் ஹால்வர்சன்,
எதிர் வரிசையின் ஆலோசகர்.
கழுத்து அட்டையில் பெயரைப் பார்த்ததும்
வாய் முந்திக்கொண்டது:
'உங்களைப் படித்துத்தான் இங்கே வந்தேன்,
ஒரு கையெழுத்து…'
எதை நீட்டுகிறேன் என்பது
நீட்டிய பிறகுதான் உறைத்தது.

சுருள்கம்பி போட்ட அந்தப் பொதியை
இரண்டு கையாலும் வாங்கினார்.
கோபம் வரும் என்று பார்த்தேன்.
புரட்டினார். விரலருகே நின்றார்.
'இது யார்?'
'எங்கள் ஊர்ப் பதிப்பாளர்' என்றேன்.
சிரித்தார்.
நல்ல சிரிப்பு, அதைச் சொல்லியாக வேண்டும்.
'ஆயினும் என்பதற்குப் பிறகு
என்ன எழுதினீர்கள்?'
பதினோரு வருடமாக வைத்திருந்த கேள்வி.
நெற்றியைத் தேய்த்தார்,
கோப்பையில் பால் ஊற்றினார்,
ஊற்றியதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.
'நினைவில்லை.'
தோவேரா ம்ஸிஸ்கா என்று
பிழையில்லாமல் எழுதிக்
கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மணி அடித்தது.
ஐந்தாம் அறை. பன்னிரண்டாம் பிரிவு.
'கல்விக்காக நகல் எடுக்கலாம்'
என்ற ஒரே வரி, அடைப்புக்குறிக்குள்.
அவர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.
அந்த வரி நீக்கப்பட வேண்டும்.
காரணங்கள் ஏழு.
எனக்கு ஏழும் மனப்பாடம்,
ஆறாம் அத்தியாயம்.
அவர் நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனபோது
என்னையறியாமல் உதடு அசைந்தது.

'மறுப்பு ஏதும் உண்டா?' என்றார் தலைவர்,
சுத்தியலைப் பார்த்தபடி.
ஏழாம் அறையில் விதைகளுக்காக
என்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.
தேடட்டும்.
பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தேன்.
எழுதி வந்த தாள் அந்த அறையிலேயே கிடந்தது.
விளக்கு சிவப்பாகி, எல்லாத் தலையும் திரும்பியதும்
'ஆயினும்' என்று தொடங்கினேன்.

கண்ணாடிக் கூண்டுகளில்
மொழிபெயர்ப்பாளர்கள்
ஆறு மொழிகளில்
அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
காத்திருந்தார்கள்.